ஒருதரம் வீட்டுக்கு வந்து பாருங்கள்

மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவுக்கான மேன்முறையீடுகளைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் கிராம அலுவலரின் அலுவலகத்தில் என் தம்பியின் மேன்முறையீட்டு முடிவைப் பார்த்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், அதற்குப் பக்கத்தில் 'தகைமை இல்லை'. அவ்வளவுதான். கிராம அலுவலர் நல்ல மனுசன். "தங்கச்சி, மேல இருந்து இப்பிடித்தான் வந்திருக்கு, எனக்கும் காரணம் தெரியாது" என்று மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. காரணம் தெரிந்த யாரோ ஒருவர் உங்களுக்குள் இருக்க வேண்டும். அவரிடம் கேட்கத்தான் இந்த மடல்.

பின்னணியை நான் நீட்டி எழுதத் தேவையில்லை, கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. 2009 ஏப்ரலில், யுத்தத்தின் கடைசிக் காலத்தில், முல்லைத்தீவு மாத்தளனில் எறிகணைத் துண்டு முதுகில் ஏறியபோது தம்பிக்கு 17 வயது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. அன்றிலிருந்து கட்டில், சக்கர நாற்காலி, குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் சலப்பை. அம்மா இருக்கும் வரைக்கும் அம்மா பார்த்தார். இப்போது நான் பார்க்கிறேன். 2 மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், சாமத்திலும்தான். ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டால் அடுத்த நாள் தோல் சிவந்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் புண் எலும்பு வரைக்கும் போகும். இது ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்த பாடம் மட்டுமில்லை, 2014இல் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

முதல் விண்ணப்பம் போட்டது 2023இல். அப்போது கொடுப்பனவு மாதம் 5,000 ரூபா. பெயர் வரவில்லை. மேன்முறையீடு செய்தோம், பதில் வரவில்லை. 2024இல் 7,500 ஆக்கினார்கள், 2025இல் 10,000 ஆக்கினார்கள். ஒவ்வொரு முறை கூட்டும்போதும் வானொலியில் கேட்டோம், சந்தோசப்பட்டோம், எங்கள் வீட்டுக்கு மட்டும் அது வரவேயில்லை. இந்த வருடம் மறுபடி எழுதினோம். மருத்துவச் சான்றிதழ், கிளினிக் கொப்பியின் பிரதி, எக்ஸ்ரே, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் எல்லாம் வைத்துப் பதிவுத்தபாலில் அனுப்பினோம். அதற்குத்தான் விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது.

அந்த விசாரணை நாளைப் பற்றி நீங்கள் அறிய வேண்டும். ஏனென்றால் உங்கள் கோப்பில் அது 'சமுகமளித்தார்' என்று ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்கும்.

"ஆள் எழும்ப ஏலாது, யாராவது வந்து பாக்க முடியுமோ?" என்று முதலே தொலைபேசியில் கேட்டேன். விண்ணப்பதாரர் நேரில் வரவேண்டும் என்றார்கள். சரி என்று ஓட்டோ பிடித்தோம். எங்கள் வீதி உங்களுக்குத் தெரியும், ஏ9 நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே கிரவல் வீதி, மழை வெள்ளம் அரித்த கிடங்குகள். ஓட்டோவின் பின்சீற்றில் தலையணை அடுக்கி, தம்பியை என்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனேன். போய்வர 5,500 ரூபா. அலுவலகம் மேல்மாடியில். 19 படி. எண்ணிப்பார்த்தேன், ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறினோம்.

காவலாளி ஒரு பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து தந்தார். தம்பியை அதில் இருத்தி, ஓட்டோக்காரத் தம்பி ஒரு பக்கம், காவலாளி ஒரு பக்கம், வேறு அலுவலாக வந்திருந்த இரண்டு பொடியன்கள் கீழே பிடித்துத் தூக்கினார்கள். சலப்பையை அவன் சேட்டுக்குள் மறைத்துப் பிடித்திருந்தான். படி திரும்புகிற இடத்தில் கதிரை சரிந்தது. கையை விட்டுச் சுவரைப் பிடித்தான். பை கீழே விழுந்து, அடியில் இருந்த மூடி திறந்து, இரண்டு மூன்று படிக்கு வழிந்தது. கீழே வரிசையில் நின்ற சனம் எல்லாம் நிமிர்ந்து பார்த்தது. என் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னான்: "அக்கா, அதைத் துடைச்சுவிடு, ஆரும் சறுக்கி விழுந்திடுவினம்." மடியில் விரித்திருந்த துவாயை எடுத்து நான் துடைத்தேன்.

மேலே பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள், "முழுக்கவே நடக்க ஏலாதோ?" என்று கேட்டார்கள். ஒப்பம் வாங்கினார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்ப 19 படி இறங்கினோம். குழாய் இழுபட்டதில் இரவு சிறுநீரில் இரத்தம் வந்தது, விடிய முதல் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அந்த ஒன்பது நாளும் அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, அவையள் பாத்ததுதானே, இந்த முறை தருவினம் என்ன?"

அதற்குத்தான் வெள்ளிக்கிழமை 'தகைமை இல்லை' என்று பதில் வந்திருக்கிறது. நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

ஐயா, அம்மா, என் கோரிக்கை இதுதான். ஏன் தகைமை இல்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். எழுதுவதற்கு முன் உங்களில் ஒருவர் வந்து தம்பியைப் பாருங்கள்.

காரணம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்கவேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் அதற்கான காரணத்தை அதிகாரி சொல்ல வேண்டும் என்கிறது. நான் படித்தது சாதாரண தரம் வரைக்கும்தான், இதை எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று தேடி வாசித்துக் காட்டினாள். பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி இருக்க வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டதாம். அதையும் அவள்தான் சொன்னாள். அந்த 19 படியையும் நினைத்துக்கொண்டு அதைக் கேட்டேன்.

காரணம் என்னவாக இருக்கும் என்று நாங்களே யோசித்துப் பார்த்திருக்கிறோம். அலுவலகத்தில் ஒருவர் வாய்வழியாக "வீடு நல்ல வீடுதானே, கரண்ட் பில்லும் கூட வருது" என்றார். நலன்புரிக் கணக்கெடுப்பில் 22 அளவுகோல் வைத்துக் குடும்பங்களைப் பார்க்கிறார்கள், வீட்டின் நிலைமையும் சொத்தும் அதில் வரும் என்று நமக்கும் தெரியும். அந்த வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா தந்து கட்டச்சொன்ன வீடு. யுத்தத்தில் எங்கள் வீடு தரைமட்டமானதால் தந்தது. சுவரும் ஓடும் இருக்கிறது, உள்ளே பூச்சு இன்னும் முடியவில்லை. இழந்ததற்காகத் தந்த வீட்டை, நாங்கள் வசதி இருக்கிறவர்கள் என்று சொல்வதற்கு எப்படி எடுக்கலாம்?

கரண்ட் பில் கூட வருவது உண்மை. தம்பியின் கட்டிலுக்கு மேலே ஒரு காற்றாடி 24 மணித்தியாலமும் சுற்றுகிறது. வன்னியின் வெயிலில் வேர்வை ஊறினால் முதுகுத் தோல் வெடித்துவிடும். புண் வராமலிருக்க ஒருவர் அன்பளிப்பாகத் தந்த காற்று மெத்தை, அதன் மோட்டாரும் இரவுபகல் ஓடுகிறது. வேறு என்ன இருக்கிறது? இரண்டு பல்பு, என் தையல் மெசின். அந்தப் பில்லைப் பார்த்து வசதியான குடும்பம் என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் அந்த அறைக்குள் ஒருதரம் வந்து நின்று பார்க்க வேண்டும். வந்தால் முதல் நிமிடத்திலேயே விளங்கும்.

எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் நான் இதைப் பகிரங்கமாக எழுதியிருக்க மாட்டேன். எங்கள் ஊரில் முழங்காலுக்கு மேலே கால் இல்லாத ஒரு அக்கா இருக்கிறார். செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு கச்சான் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கியதை யாரோ பார்த்தார்களாம், வேலை செய்ய முடிகிறதுதானே என்றார்களாம். பிடுங்காவிட்டால் அவரும் பிள்ளையும் என்னத்தைச் சாப்பிடுவது? இரண்டு கண்ணும் தெரியாத ஒரு பெரியவர், பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசிப்பிக்கிறார். டிசம்பர் 3 வந்தால் மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகள் தினம் வைக்கிறார்கள். எங்களை முன்வரிசையில் இருத்தி, மாலை போட்டு, படம் எடுத்து, சாப்பாட்டுப் பார்சல் தருகிறார்கள். போன முறை தம்பிக்கும் அழைப்பு வந்தது. போகமாட்டேன் என்றான். நானும் வற்புறுத்தவில்லை. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிசெய்த நாடு இது. உரிமை என்று ஏற்றுக்கொண்ட பிறகு, பிச்சை கேட்கிறவர்களைப் போல வாசலில் ஏன் இத்தனை வருடம் நிற்க வைக்கிறீர்கள்? எங்களைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டுவரச் சொல்ல உங்களால் எப்படி முடிந்தது?

கோபத்தில் எழுதிவிட்டேன். குறை நினைக்க வேண்டாம். உங்களுக்கும் வேலைப்பளு அதிகம், ஆள் பற்றாக்குறை என்று தெரியும். வீடுவீடாகப் போக வாகனம் இல்லை என்றும் சொல்லக்கூடும். அப்படியென்றால் எழும்ப முடியாதவர்களின் பெயர்களை மட்டும் முதலில் பிரித்தெடுங்கள். எங்கள் கிராம அலுவலர் பிரிவில் அப்படி ஏழு பேர்தான். சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் ஒரு நாள் ஒதுக்கினால் ஏழு வீட்டையும் பார்த்துவிடலாம். ஓட்டோவுக்கு நாங்களே காசு சேர்த்துத் தருகிறோம்.

மறுபடியும் தயவாகக் கேட்கிறேன். தம்பியின் மேன்முறையீட்டைத் திரும்ப எடுங்கள். வீட்டுக்கு வந்து பாருங்கள். அதன் பிறகும் இல்லை என்றால், ஏன் இல்லை என்று தமிழில் எழுதி, ஒப்பமிட்டுத் தாருங்கள்.

வருகிறதென்றால் புதன்கிழமை மட்டும் வேண்டாம், அன்று கிளினிக். மற்ற எந்த நாளும் அவன் வீட்டில்தான் இருப்பான். மாரி தொடங்க முதல் வந்தால் நல்லது. மழை விழுந்தால் வாய்க்கால் மதகுக்கு மேலால் தண்ணீர் பாயும், வாகனம் இந்தப் பக்கம் வராது.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா