உதிர்ந்த இலைகளையும் எழுதிவை

அன்பு மக்களே,

பனாமாவின் பாரோ கொலராடோ தீவிலிருந்து நீ எழுதியதை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். மாதக்கணக்கில் அடையாளமிட்டு அளந்துவந்த இலைகளில் பல, மேலே பாசிபோலப் படர்ந்திருந்த ஈரல் செடிகளோடு (லிவர்வொர்ட்) ஒரே மழையில் உதிர்ந்துவிட்டதாக வருந்தியிருந்தாய். நம் ரப்பர் இலையில் அவை ஏன் தென்படுவதில்லை என்றும் கேட்டிருந்தாய். இரண்டும் ஒரே விஷயம்தான் என்று எனக்குப் படுகிறது.

ரப்பர் மரம் ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டி இலை முழுவதையும் உதிர்த்துத் தளிர்க்கிறது. இலைமேல் விழுந்த ஈரல் செடியின் ஸ்போர், அதாவது விதைக்குப் பதிலான நுண்துகள், முளைத்து, வேரிழைகளால் வழுவழுப்பான தோலைப் பற்றி, படர்ந்து, தன் வாரிசுகளை வெளியே அனுப்புவதற்குள் நிலமே கீழே போய்விடுகிறது. அந்த நாட்களில் தோட்டத்துக்குள் நேரே இறங்கும் வெயிலும் ஈரத்தை வைப்பதில்லை.

போன வாரம் மாறாமலையில், தோட்டத்துக்காரரிடம் கேட்டு, மூடுபனி தங்கும் பள்ளத்தில் நின்ற கிராம்பு மரத்தைக் கைலென்ஸால் பார்த்தேன். பச்சை மாறாத அந்த மரத்தின் தளிர்களில் ஒன்றுமில்லை. முதிர்ந்த இலைகளின் மேற்பரப்பிலோ, ஊசிமுனை அளவுச் செதில்கள் வரிசையாக ஒட்டிக்கிடந்தன, ஒவ்வொன்றின் அடியிலும் நீரைப் பிடித்துவைக்கும் மடிப்பு இருந்தது. முப்பது ஆண்டுகள் மார்கான்ஷியா என்ற ஈரல் செடியைப் படத்தில் காட்டியே பாடம் நடத்தினேன்; ஒரு பிள்ளையைக்கூட இதைக் காண அழைத்துவராதது இப்போது வலிக்கிறது.

அவை இலையை உண்டு வாழ்பவை அல்ல, தம் உணவைத் தாமே செய்துகொள்பவை. ஆனாலும் நிழல் விழுகிறது. ராடுலா ஃபிளாசிடா என்ற ஈரல் செடியின் வேரிழைகள் இலையின் தோலுக்குள் நுழைவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே முழுக்கத் தீங்கற்றவை என்று எழுதிவிடாதே.

முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: உதிர்ந்த இலைகளைக் கணக்கிலிருந்து நீக்காதே. கோலோலெஜூனியா போன்ற ஈரல் செடிகள் தட்டையான சிறு ஜெம்மாக்களை, அதாவது தாமே புதுச் செடியாக வளரும் துணுக்குகளை, உண்டாக்கி, மழைத்துளி தெறிக்கும்போது பக்கத்து இலைகளுக்கு அனுப்புகின்றன. இலை விழுந்த நாளையும், அருகிலிருக்கும் இளம் இலைகளில் புதிதாக எது தோன்றுகிறது என்பதையும் குறித்தால், எந்த இனம் தன் இலை உதிருமுன் தப்பித்தது என்று தெரியும். உன் தீவிலும் டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. அந்த மாதங்களைத் தனியாகப் பிரித்து எழுது. பனாமா கால்வாய்க்காக ஆற்றைத் தடுத்தபோது தண்ணீருக்கு மேல் மிஞ்சிய குன்றுதானே அது, பேச்சிப்பாறை அணையின் கரையில் வளர்ந்த உனக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது.

அந்தக் கிராம்புக் கிளையில் பத்து இலைகளுக்கு நூல் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பார்த்து எழுதுகிறேன். உன் மேசையிலிருந்து எடுத்த கைலென்ஸ் அதுவரை என்னிடமே இருக்கட்டும்.

உன் அப்பா