கயிற்று நெருப்பு: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

போன வாரம் அத்தை ஃபோனில் அழுதார். எட்டு மாசம் பீடியைக் கையால்கூடத் தொடாத மனுஷன், பஸ்ஸுக்கு நின்ற கால் மணி நேரத்தில் ஒரு கட்டு வாங்கிவிட்டார், சட்டையைத் துவைக்கப் போட்டால் பையிலிருந்து தூள் உதிர்கிறது, ரோஷம் இருக்கிறவன் செய்வானா என்று கேட்டார். அப்புறம் நீங்கள் ஃபோனை வாங்கி, "எனக்கே தெரியலைடா, கை தானா போயிருச்சு" என்றீர்கள். நான் பெரிய மனுஷன் மாதிரி "மனசு வைக்கணும் மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன். கல்லூரியில் நரம்பு செல்களைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன் பேசுகிற பேச்சா அது? அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன். வாட்ஸாப்பில் அனுப்பினால் நாலு வரிக்கு மேல் படிக்க மாட்டீர்கள் என்று பிளாகில் போடுகிறேன். அத்தையும் படிக்கட்டும்.

நீங்கள் சொன்னது சாக்கு இல்லை மாமா. அப்படியே நடந்ததுதான் அது.

நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள். அதில் நடுமூளையில் இருக்கும் சில லட்சம் செல்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. சும்மா இருக்கும்போது அவை நொடிக்கு நாலைந்து முறை மின்சாரமாய்த் துடித்துக்கொண்டிருக்கும். நல்லது ஏதாவது எதிர்பாராமல் கிடைத்தால் படபடவென்று 20 வரைக்கும் போகும். பசியோடு வந்தவனுக்குச் சுடச்சுட இட்லி கிடைத்தால்கூட இதுதான் நடக்கிறது. "இதை நினைவில் வைத்துக்கொள், இங்கே மறுபடி வா" என்று மூளை தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் சீட்டு மாதிரி.

பீடியை ஒரு இழுப்பு இழுத்தால் பத்து இருபது நொடிக்குள் புகையிலையில் இருக்கும் நிகோடின் அங்கே போய் நிற்கிறது. அந்த செல்களில், நரம்புகள் சேதி சொல்லப் பயன்படுத்தும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்து உட்காருவதற்கென்று உடம்பு வைத்திருக்கும் இருக்கைகள், அதாவது ஏற்பிகள், இருக்கின்றன. நிகோடினும் அவற்றிலேயே உட்கார்ந்துவிடும். அசிடைல்கோலின் வந்த வேலையை முடித்துவிட்டுக் கண் இமைப்பதற்குள் கரைந்துவிடும். நிகோடின் அப்படியில்லை, விருந்துக்கு வந்துவிட்டுத் திண்ணையிலேயே படுத்துக்கொள்கிற சொந்தக்காரர் மாதிரி. இரண்டு மணி நேரம் கழிந்தாலும் ரத்தத்தில் பாதி அப்படியே கிடக்கும். இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. டோபமின் செல்களை அடக்கி வைப்பதற்கென்றே பக்கத்தில் வேறு செல்கள் இருக்கின்றன. நிகோடின் பட்ட கொஞ்ச நேரத்தில் அவற்றின் ஏற்பிகள் மரத்துப்போய்விடும், டோபமின் செல்களை முடுக்கிவிடுகிற பக்கமோ மரக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பிரேக் பிடிக்காத வண்டியில் ஆக்சிலேட்டரை அழுத்தின கதைதான்.

நாள் முழுக்க இப்படி மரத்துக் கிடந்தால் மூளை சும்மா இருக்குமா, ஏற்பிகளைக் கூட்டிக்கொண்டே போகிறது. ராத்திரி தூங்கும்போது அவையெல்லாம் விழித்துக்கொண்டு காலையில் வாயைத் திறந்து காத்திருக்கும். கட்டிலை விட்டு இறங்கும் முன்பே தலையணைக்கடியில் தடவுவீர்களே, அந்த முதல் பீடியின் ருசி இதுதான்.

சரி, அதிகமாக முளைத்த ஏற்பிகள் விட்ட மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் பழைய கணக்குக்கு வந்துவிடும். நீங்கள் எட்டு மாதம் தாண்டியவர். அப்புறம் ஏன்?

இங்கேதான் அந்தக் கயிறு வருகிறது. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் பீடி பற்ற வைக்க ஒரு கயிறு தொங்குமே, நுனியில் கங்கு கண் சிமிட்டிக்கொண்டு, அந்தக் கருகின நார் வாசனையோடு. முப்பது வருஷமாக அதில் குனிந்து பற்ற வைத்தவர் நீங்கள். 1990களில் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் நகரில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் டோபமின் செல்களுக்குப் பக்கத்தில் நுண்கம்பி வைத்துக் கேட்டார். முதலில் குரங்கின் வாயில் பழச்சாறு விழும்போது செல் படபடத்தது. சாறுக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகின பிறகு, செல் விளக்குக்கே படபடத்தது, சாறு வந்தபோது கண்டுகொள்ளவில்லை. விளக்கு எரிந்து சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் நின்று ஒரு கணம் அடங்கிப்போனது. உங்களுக்கு அந்த விளக்குதான் கயிறு. கங்கைப் பார்த்ததும் செல்கள் துள்ளுகின்றன, பற்ற வைக்காமல் நகர்ந்தால் அடங்குகின்றன, அந்த அடங்கலைத்தான் நாம் "என்னவோ மாதிரி இருக்கு" என்கிறோம். பழச்சாறு என்றால் எதிர்பார்த்தது கிடைத்ததும் கணக்கு நேராகிவிடும். நிகோடினோ ஒவ்வொரு தடவையும் ரசாயனத்தாலேயே டோபமினை ஏற்றுகிறது, அதனால் எதிர்பார்த்ததைவிட நல்லது என்றே மூளை முப்பது வருஷமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. ஏற்பிகள் குறைந்தாலும் அந்த எழுத்து அழியாது.

அன்றைக்கு நீங்கள் பட்டா விஷயமாக அலைந்து, வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தீர்கள் என்று அத்தை சொன்னார். 2003ல் வந்த ஒரு ஆய்வு ஞாபகம் வந்தது. கொக்கைன், மார்ஃபின், சாராயம், நிகோடின் என்று ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாமே டோபமின் செல்களுக்கு வரும் இணைப்புகளை பலப்படுத்தின, அடுத்த நாள்கூட அது தெரிந்தது. போதை எதுவும் கொடுக்காமல் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் தவிக்கவிட்ட எலிகளிடமும் அதே மாற்றம். அலைச்சலும் பீடியும் மூளையில் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன.

இன்னொன்றும் சொன்னீர்கள், அது என் மனசை விட்டுப் போகவே இல்லை: "நல்லாவே இல்லைடா, கசந்துச்சு, ஆனா முழுசா குடிச்சேன்." அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்பவர் எலிகளின் டோபமினை ஏறக்குறைய காலி செய்து பார்த்தார். சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் விட்டால் அவை பழையபடி சப்புக்கொட்டின. ஆனால் தானாகப் போய்த் தின்னவில்லை, பக்கத்தில் தீனி இருந்தும். அதாவது பிடிப்பது வேறு, வேண்டும் என்று இழுப்பது வேறு. டோபமின் இரண்டாவதன் ஆள். உங்களுக்குப் பீடி பிடிக்காமல் போய் ரொம்ப நாளாயிருக்கலாம் மாமா, இழுப்பு மட்டும் மிச்சம்.

அத்தை, உங்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு முன்னால் முறத்தை மடியில் வைத்து நாளெல்லாம் பீடி சுற்றியவர் நீங்கள், அந்தத் தூள் வாசனை இப்போது நாசியில் பட்டாலும் விரல் மடங்குகிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவருக்கும் அப்படி ஒன்றுதான். மீதிக் கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, எட்டு மாசத்தை எட்டு மாசமாகவே எண்ணுங்கள்.

மாமா, உங்கள் ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்த டாக்டரிடம், புகையை விட உதவும் வரெனிக்ளின் மாத்திரை உங்களுக்கு ஒத்துக்குமா என்று கேளுங்கள். அது நிகோடின் உட்காரும் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்து பாதி வேலை மட்டும் செய்யும், அப்போது பீடி இழுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஏறாது. நானும் கூட வருகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தென்காசி பஸ்ஸில் வந்து இறங்குவேன். வழக்கம்போல என்னைக் கூப்பிட பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்க வேண்டாம், நானே நடந்து வந்துவிடுகிறேன். டீயை வீட்டில் போடச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்