ஆய்வுகளில் 'ஆண் / பெண்' என்ற ஒரு கேள்வி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

'ஆண் நோயாளிகளைவிடப் பெண் நோயாளிகளுக்கு ஆன்மிக நாட்டம் அதிகம்' என்ற வகை ஆய்வுச் செய்திகள் தொடர்ந்து வெளியாகின்றன. ஆண், பெண் என்று எந்தக் கேள்வியை வைத்துப் பிரித்தார்கள் என்ற தகவல் அவற்றில் இருப்பதில்லை. பல நேரம் மூல ஆய்வறிக்கையிலும் இருப்பதில்லை.

வினாத்தாளில் வயதுக்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும், அவ்வளவுதான். சில ஆய்வுகளில் அதைக்கூடக் கேட்காமல் மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து எடுத்து நிரப்புகிறார்கள். ஹீமோகுளோபின் அளவை ஒப்பிட அது ஓரளவு போதும். ஆனால், சாவை எதிர்நோக்கி இருப்பவர் யாரிடம் மனம்விட்டுப் பேசுவார், பிரார்த்தனையில் ஆறுதல் காண்பாரா என்பதற்கு வளர்ப்பும் வீட்டுப் பொறுப்புகளுமே காரணம் என்று கருதினால், அவற்றைத் தனிக் கேள்விகளாகக் கேட்க வேண்டும்.

'மற்றவர்' என்று மூன்றாவது கட்டம் சேர்ப்பதும் தீர்வல்ல. திருநங்கையர் பலர் 'பெண்' என்றே குறிக்கக்கூடும். அப்போது தரவில் அவர்கள் தெரியவே மாட்டார்கள். 'மற்றவர்' என்று குறித்த சிலரையும், எண்ணிக்கை குறைவு என்று பகுப்பாய்வில் நீக்கிவிடுவார்கள்.

சரியான வழி இரண்டு கேள்விகள். பிறந்தபோது பதியப்பட்ட பால் எது? இப்போது தம்மை எப்படி அடையாளப்படுத்துகிறார்? அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2022 அறிக்கை இதையே பரிந்துரைத்தது. இடைப்பால் உடலமைப்பை (ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத பிறவி உடலமைப்பை) தனிக் கேள்வியாகக் கேட்கவும் சொன்னது. 2021 கனடா மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த இரு கேள்விகளும் இடம்பெற்றன.

இதிலும் ஒரு பெரிய அபாயம் உண்டு. 10,000 பேரில் 50 பேர் மாறிய பாலினத்தவர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 9,950 பேரில் 200க்கு ஒருவர் கைதவறித் தவறான கட்டத்தைக் குறித்தாலே இன்னொரு 50 பேர் சேர்ந்துவிடுவார்கள். அந்தக் குழுவில் பாதி பிழை! அதனால் இரு விடைகளும் வேறுபட்டால், 'இப்படிக் குறித்துள்ளீர்கள், சரிதானா?' என்று உடனே கேட்டு உறுதி செய்ய வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் 2021 கணக்கெடுப்பு இரண்டையும் ஒரே நீண்ட வாக்கியத்தில் கேட்டது. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்து, 2024இல் அந்தப் புள்ளிவிவரங்களின் தகுதியே குறைக்கப்பட்டது.

ஆன்மிக நலனை அளக்கும் 'ஃபேசிட்-எஸ்பி' அளவுகோலில் 12 கூற்றுகள். மொத்தம் 48 மதிப்பெண். ஆண், பெண் ஆகிய இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் முன், ஒவ்வொரு கூற்றையும் இரு குழுவினரும் ஒரே பொருளில் எடுத்துக்கொள்கிறார்களா என்று சோதிக்க வேண்டும். இந்தச் சோதனை விடுபட்டால், வித்தியாசம் ஆன்மிகத்தில் இருக்கிறதா, கேள்விக்கு விடையளிக்கும் பழக்கத்தில் இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாது.

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, கேட்ட கேள்வியின் வாசகம், தரப்பட்ட தெரிவுகள், விடையளிக்காமல் விட்டவர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கள ஆய்வு முறைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள்