மரத்தில் மாடி வீடு: விதி முதலில் வரட்டும்

நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் தேசிய வீடமைப்பு அதிகார சபைக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "கீழ் வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்தாச்சு. இளையவளுக்கு மேலே ஒரு மாடி எழுப்பலாமா?" கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் அதே வழக்கம். ஆனால் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் நிலம் வளரப்போவதில்லை. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் வளவைப் பங்குபோட்டுப் பங்குபோட்டு இப்போது சுவரோடு சுவர் உரசிக்கொண்டு நிற்கிறது. இனி வீடு மேல்நோக்கித்தான் போக வேண்டும்.

மாடிக் குடியிருப்பை மரத்தில் கட்ட விடுவதா வேண்டாமா என்ற விவாதம் பல நாடுகளில் சூடாக நடக்கிறது. நம் நாட்டில் அதை நீங்கள் முன்னின்று நடத்த வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கொங்கிறீட் கீழ்த்தளத்தின் மேல் மூன்று மரத்தளங்கள் வரை அனுமதியுங்கள். ஆனால் விதி முதலில், கட்டடம் அதன் பிறகு.

ஏன் மரம்? முதற்காரணம் பாரம். எங்கள் கரையோர மண் வெறும் மணல். மாரி காலத்தில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஒரு தளத்துக்கென்று போட்ட அத்திவாரத்தின் மேல்தான் இன்று பலர் மாடி எழுப்புகிறார்கள். ஐந்து அங்குலக் கொங்கிறீட் தட்டு ஒரு சதுர மீற்றருக்கு 300 கிலோ நிறுக்கும். ஆறு அங்குல மரப் பலகம் ஏறத்தாழ 75 கிலோதான். கீழே இருக்கிற தூணுக்கும் அத்திவாரத்துக்கும் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. ஆற்றுமண்ணும் ஒரு காரணம். எங்கள் ஆறுகளில் மண் அள்ளி அள்ளிக் கரை இடிவதைப் பற்றி மக்கள் முறையிடாத ஆண்டில்லை. ஒவ்வொரு கொங்கிறீட் மாடியும் அந்த மண்ணில் ஒரு பங்கைக் கேட்கிறது. சீமெந்து உற்பத்தியோ உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 வீதத்துக்குப் பொறுப்பு.

நான் பேசும் மரம், மரக்காலையில் வாங்கி அறுத்துப்போடும் பலகையல்ல. உலர்த்திய பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசையிட்டு அழுத்திச் செய்யும் தடித்த பலகம். 1990களில் ஒஸ்திரியாவிலும் ஜேர்மனியிலும் உருவான முறை இது. இதை வைத்து 2009 இல் லண்டனில் ஒன்பது மாடிக் குடியிருப்பு எழுந்தது. பெரிய மரத் தூண்களையும் விட்டங்களையும் சேர்த்து நோர்வேயில் 2019 இல் 85.4 மீற்றர் உயரத்தில் 18 மாடி, அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022 இல் 25 மாடி. எங்களுக்கு அந்த உயரம் வேண்டாம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நாடுகள் விதியைத் திருத்திய விதம். சுவீடன் இரண்டு மாடிக்கு மேல் மரத்தை 1994 வரை அனுமதிக்கவில்லை. பிறகு "இந்தப் பொருள் கூடாது" என்பதை விட்டுவிட்டு, "இத்தனை நேரம் நெருப்பைத் தாங்க வேண்டும்" என்று கேட்கத் தொடங்கியது.

நெருப்பு என்று சொன்னதும் எல்லோரும் தயங்குவார்கள், தயங்கத்தான் வேண்டும். நம் நாட்டிலேயே அநுராதபுரத்தில் துட்டகைமுனு மன்னன் கட்டிய லோவாமகாபாய ஒன்பது மாடி. கற்றூண்கள் மேல் மரத்தில் எழுந்த மாளிகை. அடுத்த மன்னன் சத்தாதிஸ்ஸ காலத்திலேயே ஒரு விளக்கிலிருந்து தீப்பிடித்து எரிந்துபோனதாக வரலாறு சொல்கிறது. கல்தூண்களை இன்றும் போய்ப் பார்க்கலாம். ஆனால் தடித்த மரம் எரிவது வேறு, விறகு எரிவது வேறு. தடித்த பலகத்தின் வெளிப்பக்கம் கரியாகி உள்பக்கத்தைக் காக்கிறது. ஐரோப்பியக் கணக்குப்படி மென்மரம் நிமிடத்துக்கு 0.65 மில்லிமீற்றர் கரியாகும். அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 40 மில்லிமீற்றர். அந்த 40 போன பிறகும் பாரம் தாங்க மிச்சமிருக்கும்படி கனத்தைக் கூட்டி வரைவதுதான் பொறியியல். இந்தக் கணக்கு ஒரு இடத்தில் பிழைத்தது. ஆரம்பகாலப் பசைகள் சூட்டில் இளகி, கரியான அடுக்குக் கழன்று விழ, உள்ளே புதுமரம் நெருப்புக்கு அகப்பட்டது. சோதனையில் அது தெரிந்ததும் 2018 இல் அமெரிக்கத் தரநிலை சூடு தாங்கும் பசையைக் கட்டாயமாக்கியது. எங்கள் விதியிலும் பசையைப் பற்றி ஒரு வரி இருக்க வேண்டும். மரத்தை மட்டும் சோதித்தால் போதாது.

2017 இல் லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் மாண்டார்கள். அது கொங்கிறீட் கட்டடம், எரிந்தது வெளிச்சுவரை மூடியிருந்த தகடு. ஆனாலும் அடுத்த ஆண்டு இங்கிலாந்து, 18 மீற்றருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய எதையும் தடை செய்தது. மரப் பலகமும் அதில் அகப்பட்டது. மரத் தொழில்துறை குறைப்பட்டது. நான் அந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்கும் நான்கு தளம் 12, 13 மீற்றருக்குள் அடங்கும். அந்தக் கடுமையான எல்லைக்கும் கீழே.

எங்கள் ஊருக்கென்று சில ஆபத்துகளும் உண்டு. 2021 இறுதியில் நாடு முழுக்கச் சமையல் காஸ் வெடிப்புகள் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. மின்பம்பியை நம்பிய தண்ணீர்த் தெளிப்பான் மட்டும் போதும் என்று விதி எழுதினால் அந்த நாளில் என்ன நடக்கும்? மரத்தை ஜிப்சம் பலகையால் இரட்டையாக மூடுவதும், சமையலறைக்குத் தனிப் பாதுகாப்பும், கொங்கிறீட் படிக்கட்டும் கட்டாயமாக இருக்கட்டும். ஒழுங்கைகளுக்குள் தீயணைப்பு வாகனம் நுழைய முடியாத இடத்தில் அனுமதியே வேண்டாம்.

இனி கறையான். நெருப்பைவிட இதற்குத்தான் எனக்குப் பயம் அதிகம், ஏனென்றால் இது தினமும் நடக்கிறது. கல்லடியில் ஒரு வீட்டில் கதவு நிலையை விரல் மொளியால் தட்டினேன். டொக் டொக்கென்று வெறும் கூடு. வர்ணப்பூச்சு மட்டும் தோல் போலப் பிடித்திருந்தது, உள்ளே முழுக்க மண். நிலத்திலிருந்து பென்சில் அளவுக் குழாய் ஒன்று சுவர் வெடிப்பு வழியே ஏறியிருந்தது. இதற்கு நேர்மாறாக, புளியந்தீவில் ஒரு பழைய மாடி வீட்டின் முதிரை விட்டங்கள் இன்னும் உளி இறங்காத உறுதியோடு இருக்கின்றன. சுவருக்குள் போகும் நுனியைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள், காற்று போய்வர. அந்த ஓடாவிக்குத் தெரிந்தது உங்கள் விதிப்புத்தகத்திலும் இருக்க வேண்டும். நனைந்த மரம் உலர வழி வேண்டும், நிலத்தைத் தொடவே கூடாது. கீழ்த்தளம் கொங்கிறீட்டாக இருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், 2004 டிசம்பர் 26 சுனாமி மற்றொரு காரணம். எங்களைப் போன்ற சூட்டிலும் ஈரத்திலும் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023 இல் ஆறு மாடி மரக் கட்டடம் திறந்தது. பின்னர் அதன் மரப்பரப்பில் பூஞ்சணம் படிந்தது செய்தியானது. அவர்களிடம் பராமரிக்கப் பணமும் ஆளும் உண்டு. வாடகை கட்டவே திணறும் குடும்பத்திடம் அது எங்கே இருக்கும்? பராமரிப்பு யார் பொறுப்பு என்பது அனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும்.

காற்றையும் மறக்க வேண்டாம். இலேசான கட்டடம் மண்ணுக்கு நல்லது, சூறாவளிக்கு நல்லதல்ல. 1978 நவம்பர் 23 இரவு என்ன நடந்தது என்று மட்டக்களப்பில் வயதான யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கூரையிலிருந்து அத்திவாரம் வரை இரும்புக் கம்பியால் இழுத்துப் பிணைக்காத மரமாடிக்குக் கையொப்பம் வைக்காதீர்கள்.

சரி, மரம் எங்கிருந்து? இயற்கைக் காட்டில் மரம் தறிப்பது 1990 இலிருந்து தடை. அந்தத் தடையில் ஒரு ஓட்டைகூட விழக் கூடாது. முதிரையும் பாலையும் இப்போதே இரவோடிரவாகப் போகின்றன. மரத்துக்குப் புதிதாகத் தேவை எழுந்தால் முதலில் வெட்டுப்படுவது அவைதான். மலைநாட்டுப் பைனஸ், யூக்கலிப்ரஸ், வயதான இறப்பர் மரம் ஆகியவற்றைப் பலகமாக்கிச் சோதியுங்கள். வனப் பாதுகாப்புத் திணைக்களமும் அரச மரக் கூட்டுத்தாபனமும் இந்த மேசையில் இல்லாமல் விதி எழுதாதீர்கள். ஐரோப்பாவிலிருந்து பலகத்தைக் கப்பலில் இறக்குவதென்றால், சீமெந்துக்கு விட்ட டொலரை மரத்துக்கு விடுகிறோம், அவ்வளவுதான்.

கடைசியாக, இது எனக்கு மிக முக்கியம். வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. ஒன்று 21 இலட்சம் ரூபாய். சூட்டுக்கு ஒத்துவராது, பின்னால் ஒரு அறை கூட்டிக் கட்ட முடியாது, அந்தக் காசுக்குக் கல்வீடே கட்டலாம் என்று மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னது நியாயம். சுனாமிக்குப் பிறகு பலகையும் தகரமும் அடித்த கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக இருந்தவர்கள் எங்கள் ஆட்கள். அவர்களிடம் போய் மரவீடு என்றால் அந்தக் கொட்டில்தான் கண்முன் வரும். அதனால் முதல் மரமாடியை வீடற்ற குடும்பங்களுக்குக் கட்டாதீர்கள். உங்கள் மாவட்ட அலுவலகத்தையோ அதிகாரிகளின் விடுதியையோ மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அப்படிக் கட்டுங்கள். ஈரப்பதம், கறையான், வெடிப்பு எல்லாவற்றையும் சில மாரிகளுக்கு அளந்து, அளவுகளை வெளியிடுங்கள். மக்கள் உள்ளே வந்து தட்டிப் பார்க்கட்டும். எங்கள் ஓடாவிமாருக்கு அந்த வேலைத்தளத்திலேயே பயிற்சி கொடுங்கள்.

விதியின் வரைவைத் தமிழிலும் அச்சிட்டு, மட்டக்களப்பு, கல்முனை மாநகர சபைகளில் வைத்து மக்கள் கருத்தைக் கேளுங்கள். கூட்டத்துக்கு நானும் வருவேன், என் வரைபடங்களோடு.

இப்படிக்கு,
கிழக்கின் ஒரு வரைபடக் கலைஞர்