மழை பெய்தால் போன் பண்ணுகிறேன், மாப்ள

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் எங்கள் தோட்டம் வரைக்கும் இறங்கி வரமாட்டார், மேலே ரோட்டோரம் இருக்கிற டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், பால் வாங்கப் போன உன் தங்கச்சிதான் கொண்டுவந்தாள். உறையைப் பார்த்ததுமே நீதான் என்று தெரிந்துவிட்டது, எழுத்து அன்றைக்கு மாதிரியே வலப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. நாலு பக்கக் கடிதத்தில் மூன்று இடத்தில் ஒரே கேள்வி கேட்டிருக்கிறாய்: "அந்த மலைமேல உனக்கு எப்படிடா பொழுது போகுது?" சும்மா கேட்கவில்லை, கவலையாகத்தான் கேட்டிருக்கிறாய் என்று புரிந்தது. அதனால் ஆற அமர உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் ஐந்தரைக்கு, இருட்டு விலகுவதற்குள்ளேயே, ஓடைப்பக்கம் ஒரு குருவி விசிலடிக்கும். உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடம் போகிற பையன் பாதிப் பாட்டை மறந்துவிட்டு இஷ்டத்துக்கு விசிலடித்துக்கொண்டு போவது மாதிரி இருக்குமே, அதேதான். உடம்பெல்லாம் கருநீலம், நெற்றியிலும் தோளிலும் மட்டும் வெயில் பட்டால் பளிச்சென்று நீலம் தெரியும். நீ போர்வைக்குள் படுத்தபடியே அதற்குப் பதில் விசில் கொடுப்பாய், அதுவும் விடாது, நீயும் விடமாட்டாய், கடைசியில் அப்பா வந்து அடுப்படிக்கு விரட்டுவார். பனிக்காலம் முழுக்கச் சத்தமில்லாமல் இருந்தது, போன வாரம்தான் மறுபடி ஆரம்பித்திருக்கிறது. அது எழுப்பினால் எழுந்து, நம் தோட்டத்துக் கொட்டையில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன் என்றால் பத்து மணிக்குத்தான் வீட்டுக்குத் திரும்புவேன்.

இந்த வருஷம் காப்பிப் பழம் எடுப்பு தை கடைசி வரைக்கும் இழுத்துவிட்டது. ஐப்பசியில் நிற்காமல் பெய்த மழையில் பழம் ஒரே சீராகப் பழுக்கவில்லை, ஒரே கிளையில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து நின்றது, ஒரே செடிக்கு நாலு தடவை ஆள் போகவேண்டியிருந்தது. எடுத்த பழத்தை அன்றைக்கே தோல் உரிக்கிற பல்ப்பரில் விட்டு, இரவெல்லாம் தொட்டியில் ஊறவைத்து, மறுநாள் வழவழப்புப் போகக் கழுவிக் களத்தில் காயப்போடுவோம். நாம் கிரிக்கெட் விளையாடினோமே, அதே களம்தான். மூன்று மணிக்கு மேல் கீழேயிருந்து மூடுபனி ஏறினால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடவேண்டும். காய்ந்த கொட்டையைக் கையில் அள்ளிக் குலுக்கினால் ஓட்டுக்குள் சலசலவென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் வந்துவிட்டால் மூட்டை கட்டலாம் என்பார் அப்பா. இப்போது ஈரம் பார்க்க மெஷின் வாங்கி வைத்திருக்கிறேன், இருந்தாலும் முதலில் கையில் அள்ளிக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் போடுகிறேன்.

வந்த புதிதில் பட்ட பாட்டை உனக்குச் சொன்னதில்லை. அப்பா போன பிறகு தோட்டம் பதினோரு வருஷம் குத்தகையில் கிடந்தது அல்லவா, குத்தகைக்கு எடுத்தவர் நிழல் மரங்களைக் கிட்டத்தட்ட மொத்தமும் வெட்டி விற்றுவிட்டார். முள்முருங்கை ஒன்றுகூட மிச்சமில்லை. நம் அராபிகா காப்பிக்கு நேர்வெயில் ஆகாது. வெயில் படுகிற செடியைத்தான் தண்டுத் துளைப்பான் வண்டு தேடி வரும், பட்டை இடுக்கில் முட்டை போடும், புழு உள்ளே போய்த் தண்டையே குடைந்துவிடும். வெளியே பார்த்தால் இலை லேசாக மஞ்சளடித்திருக்கும், தண்டில் வளையம் வளையமாகப் புடைப்பு தெரியும், அவ்வளவுதான், அந்தச் செடி முடிந்தது. முதல் வருஷம் மட்டும் நானூறு செடிக்கு மேல் பிடுங்கிக் கொளுத்தினேன். எல்லாம் அப்பா நட்ட செடி. ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் பிடுங்கினேன். "வந்து பக்கத்துல இருடா" என்று அவர் கூப்பிட்டபோதெல்லாம் லீவு இல்லை, ஆடிட் இருக்கிறது என்று சொல்லியே காலத்தைக் கடத்தியவன் நான். அது இன்னும் உறுத்துகிறது.

சரி, அதை விடு. முள்முருங்கை கொம்பு நட்டால் மூன்றே வருஷத்தில் நிழல் தந்துவிடுகிறது. நட்ட இருநூறு கொம்பும் இப்போது என் தலைக்கு மேலே நிற்கின்றன, சிலதில் மிளகுக்கொடி ஏற ஆரம்பித்துவிட்டது. தோட்டத்துக்குள் போனால் மறுபடி அந்தப் பழைய குளிர்ச்சி வருகிறது, உதிர்ந்த இலை மட்கிய வாசனை வருகிறது.

அடுத்து வாழை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? எங்கள் வீட்டு விட்டத்தில் தொங்கிய மலைவாழைத் தாரில் அப்பாவுக்குத் தெரியாமல் ராத்திரியில் பழம் பிய்த்துத் தின்றவன் நீ. தோல் சுருங்கிக் கறுத்துப் போயிருக்கும், உள்ளே சதை மட்டும் கெட்டியாக, தேன் கலந்த மாவு மாதிரி இருக்கும். நாம் பிளஸ் டூ படித்த காலத்திலேயே முடிக்கொத்து நோய் வந்து இந்தக் கீழ்ப்பழனி மலை முழுக்க வாழையை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது, அப்பா தோட்டத்திலும் பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. அப்போது நமக்கு அது புரியவில்லை, இருக்கிற பழத்தைத் தின்றுகொண்டிருந்தோம். அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ் நோய் அது, மருந்து கிடையாது. குருத்து விரியாமல் உச்சியில் கொத்தாக அடைத்துக்கொண்டு நிற்கும், இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடு விட்டுவிட்டுத் தெரியும். கண்டால் கிழங்கோடு தோண்டி அழிக்கவேண்டியதுதான்.

நான் முதலில் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் விலைக்கு வாங்கிய கன்றுகளை நட்டு மோசம் போனேன், ஏழெட்டு மாதத்தில் எல்லாவற்றிலும் கொத்து. அப்புறம் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் விசாரித்து, நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று அறுபது வாங்கிவந்து நட்டேன். தினமும் ஒரு வரிசை என்று கணக்கு வைத்துக்கொண்டு, இலைமட்டையை மெல்ல விலக்கி உள்ளே அசுவினி இருக்கிறதா என்று பார்ப்பேன். கடுகைவிடச் சின்னதாக, பழுப்பும் கறுப்புமாக, மட்டையின் அடியில் நெருக்கி ஒட்டிக்கொண்டிருக்கும், கூடவே எறும்பு ஏறி இறங்கும், எறும்பு வரிசை தெரிந்தாலே அங்கே நின்று பார்க்கவேண்டும். நீ கேட்ட பொழுது இப்படித்தான் போகிறது. ஒரு மட்டையை விலக்கிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்து, மறுபடி மூடுகிறபோது மனசுக்குள் ஒரு நிம்மதி வரும் பார், வேலை பார்த்த முப்பத்து நாலு வருஷத்தில் எந்த நாளிலும் எனக்கு அது வந்ததில்லை.

அறுபதில் நாற்பத்தொன்று தேறிவிட்டது. முதல் தாரைத் தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னால் வெட்டினேன். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழம்தானே உயிர், தண்ணீர்ச் சத்துக் குறைவு, அதனால்தான் தண்ணீரே சேர்க்காமல் சர்க்கரையும் நெய்யும் தேனும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்தால் அத்தனை நாள் கெடாமல் நிற்கிறது. 2019ல் அந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் ஊரில் இல்லை, செய்தியில் பார்த்தேன், பார்த்ததும் விட்டத்தில் தொங்கிய தாரும் நீயும்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள். இந்த முதல் தாரைக் கீழே கொண்டுபோய் முருகனுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டாவது தார் இப்போது குலை தள்ளி முக்கால்வாசி முற்றியிருக்கிறது. அது உனக்கு.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். சவ்சவ் பந்தல் போட்டிருக்கிறேன், முளைவிட்ட காயை அப்படியே மண்ணில் பாதி புதைத்து வைத்தால் போதும், ஆறே மாதத்தில் பந்தலை மூடிவிடுகிறது, வாரம் இரண்டு மூட்டை வத்தலக்குண்டு போகிறது. அப்போது யாரும் சீந்தாமல் மாட்டுக்குப் போட்டோமே பட்டர் ஃப்ரூட், இன்று வியாபாரி மரத்தடியிலேயே வந்து நின்று விலை பேசுகிறார். கமலா ஆரஞ்சு மட்டும் திரும்ப வரவில்லை, நட்ட பத்தில் எட்டு பட்டுப்போய்விட்டது, அந்தப் புளிப்பும் இனிப்பும் நம் நாக்கோடு போய்விடுமோ என்று வருத்தமாக இருக்கிறது. மார்கழியில் காட்டுமாடு ஒன்று கன்றோடு வந்து பத்து நாள் ஓடைக்கரையில் மேய்ந்தது. அந்தப் பத்து நாளும் சாயந்தரம் நாங்கள் வெளியே இறங்கவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கன்று பொன்நிறமாக இருந்தது. உன் தங்கச்சி அதற்குப் பெயரே வைத்துவிட்டாள். அவளுக்கு இங்கே குளிர் ஒத்துக்கொண்டதுதான் எனக்குப் பெரிய ஆறுதல், மூட்டுவலி மட்டும் பனிக்காலத்தில் கொஞ்சம் படுத்துகிறது. பூம்பாறைப் பூண்டு வாங்கி வைத்திருக்கிறாள், நீ வந்தால் ரசம் வைக்க.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1982 ஞாபகம் இருக்கிறதா? பரீட்சை முடிந்து நீ இங்கே வந்திருந்தாய். பங்குனிக் கடைசியில் ஒருநாள் சாயந்தரம் இடியோடு மழை கொட்டியது. அப்பா தகர டப்பாவில் பிடித்த தண்ணீரை ஸ்கேல் வைத்து அளந்தார், ஒரு அங்குலத்துக்கு மேலேயே இருந்தது, "போதும்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். மறுநாளிலிருந்து மூட்டை அடுக்குகிற அறைச் சுவரில் தினமும் கரியால் ஒரு கோடு போட்டார். ஒன்றும் புரியாமல் நீயும் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாய். ஆறாம் நாள் காப்பி மொட்டெல்லாம் வெள்ளை மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நின்றது. ஏழாம் நாள் ராத்திரி அப்பா நம்மைக் களத்தில் சாக்கு விரித்துப் படுக்கச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. விடியக்காலையில் என்னை எழுப்பியது நீதான். வாசனையில் எழுந்துவிட்டேன் என்றாய். வெளிச்சம் வரவர, மலைச்சரிவு முழுக்க ஒவ்வொரு கிளையிலும் கணுவுக்குக் கணு மல்லிகைச் சரம் சுற்றிவிட்டது மாதிரி வெள்ளை. ஏழு மணிக்கெல்லாம் தேனீ இரைச்சல், நாம் பேசுவதே ஒருவருக்கொருவர் கேட்கவில்லை. நீ ஒன்றுமே பேசாமல் நின்றாய், கண்ணில் தண்ணீர். அதற்கு முன்னும் பின்னும் உன்னை நான் அப்படிப் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் பூவெல்லாம் பழுப்படித்து உதிர்ந்துவிட்டது.

அதே வருஷம்தான் ஆவணியில் கொடைக்கானல் போய்க் குறிஞ்சி பார்த்தோம். அதற்குப் பிறகு 1994, 2006, 2018 என்று மூன்று தடவை பூத்துவிட்டது, ஒரு தடவைகூட நாம் சேர்ந்து பார்க்கவில்லை. அடுத்தது 2030. நமக்கு அறுபத்தாறு ஆகியிருக்கும், அதற்கும் கண்டிப்பாகப் போகலாம். ஆனால் அதுவரைக்கும் என்னால் பொறுக்கமுடியாது, காப்பிப் பூ வருஷாவருஷம் பூக்கிறது.

போன வருஷம் மொட்டை விரியவைக்கிற பூமழை ஏமாற்றிவிட்டது. எட்டு மில்லிமீட்டர் தூறிவிட்டு நின்றது, மொட்டு பாதி விழித்து, விரியாமல், லேசான சிவப்பாகி அப்படியே கருகியது. மேல்பாத்தியில் மட்டும் ஸ்ப்ரிங்ளர் வைத்துக் காப்பாற்றினேன். இந்த வருஷம் செடி நன்றாக இருக்கிறது, கணுக்களில் மொட்டு கட்டி, மழைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. மழைமானி வைத்திருக்கிறேன், தினமும் காலை எட்டரைக்கு எழுதிவைக்கிறேன். மாசியில் ஒன்றும் இராது, பங்குனியில் வரும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டபோது அந்த அறையில் அடுக்கியிருந்த பழைய பலகைகளை நகர்த்தினோம். பின்னால் சுவரில் கரிக்கோடு அப்படியே இருக்கிறது. ஆறு கோடு அப்பாவுடையது, நேராக, ஒரே உயரத்தில். ஏழாவது கோடு மட்டும் வலப்பக்கம் சாய்ந்து இருக்கிறது. அன்றைக்கு அப்பா உன் கையில் கரியைக் கொடுத்துப் போடச் சொன்னார், எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சுவரில் வெள்ளையடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மழை விழுந்து அளந்து பார்த்ததும், அது நடு ராத்திரியாக இருந்தாலும் சரி, உனக்குப் போன் பண்ணுகிறேன். அன்றிலிருந்து உனக்கு எட்டு நாள் கையில் இருக்கும். டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லாதே, தட்கலில் போடு, மருமகனிடம் சொன்னால் போட்டுத் தருவான். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கி வத்தலக்குண்டு வந்துவிடு, அங்கே தாண்டிக்குடி பஸ் இருக்கும். ஸ்டேஷனுக்கே வந்து கூட்டிப்போகச் சொன்னாலும் வருகிறேன். உன் வீட்டில் இருக்கிற என் தங்கச்சியையும் கூட்டிவா, ஸ்வெட்டர் இரண்டு எடுத்துக்கொள்ளச் சொல். களத்தைப் பெருக்கி வைத்திருப்பேன், சாக்குக்குப் பதில் இந்தத் தடவை மெத்தை போட்டுத் தருகிறேன்.

உன்
மாப்ள