மீனாவுக்கு, வியட்நாம் கிளம்பறதுக்கு முன்னாடி

அன்புள்ள மீனா,

உன் மெயில் வந்து கெடக்கு, பதில் போட லேட்டாயிருச்சு, கோவிச்சுக்காதடி. பேத்திக்கு மொட்ட போட்டு காது குத்துன போட்டோ பாத்தேன், அச்சு அசல் உன் மாமியார் மூஞ்சி, நான் சொன்னேன்னு வீட்ல சொல்லி வச்சிராத. மூட்டு வலி எப்படி இருக்கு? பிசியோவுக்குப் போறியா இல்ல அந்தப் பச்ச தைலத்தயே தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கியா? இங்க எங்க வீட்டுக்காரரு ரிடயர்டு ஆனதுலருந்து ஃப்ரிட்ஜ தொறந்து தொறந்து பாத்து என்ன இருக்கு என்ன இல்லன்னு லிஸ்ட் எழுதறாரு, அதுக்குப் பயந்துதான் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிரலாம்னு நானும் பையன்கிட்ட சொன்னது.

நீ கேட்டிருந்த, எல்லாரும் சிங்கப்பூர் துபாய்னு போறாங்க, நீங்க ஏன் வியட்நாம்னு. உண்மைய சொன்னா மொதல்ல எனக்கு ஒரு ஆசையும் இல்ல. டிக்கெட் வெல கட்டுப்படியாகுதுன்னு பையன் சொன்னான், சரின்னுட்டோம். அப்பறம் ஒரு ட்ராவல்ஸ்ல பேக்கேஜ் கேட்டா நல்லா வழவழன்னு ஒரு பேப்பர் குடுத்தாங்க, அதுல பாத்தா ஒவ்வொரு நாள் கடைசிலயும் "டின்னர்: இந்தியன் ரெஸ்டாரண்ட்"னு போட்டிருக்கு. ஹனோய்லயும் பன்னீர் பட்டர் மசாலா, டா நாங்லயும் பன்னீர் பட்டர் மசாலா. அத திங்கறதுக்கு எதுக்குடி பாஸ்போர்ட்டு, இங்க பைபாஸ் ரோட்லயே கெடைக்குதே. காலைல பஸ்ல ஏத்தி சாயங்காலம் எறக்கி, நடுவுல நாலு எடத்துல போட்டோ, போதும்டா சாமின்னு இருந்த கொஞ்ச ஆசையும் போயிருச்சு.

திரும்ப ஆச வந்தது எதனாலன்னு கேளு, ஒரு காப்பியால. ராத்திரி தூக்கம் வராம போன நோண்டிட்டிருந்தப்ப ஹனோய்ல முட்டக் காப்பி போடற வீடியோ ஒண்ணு வந்துச்சு. மொதல்ல உவ்வேன்னுதான் இருந்துச்சு. அப்பறம் கதையப் படிச்சேன். 1946ல, பிரெஞ்சுக்காரங்களோட சண்டை நடந்த காலத்துல, பால் கெடைக்கலயாம், மெட்ரோபோல் ஹோட்டல்ல வேல பாத்த நுயென் வான் ஜாங்னு ஒருத்தரு பாலுக்குப் பதிலா முட்ட மஞ்சக்கருவ நொரைக்க நொரைக்க அடிச்சு காப்பி மேல ஊத்திக் குடுத்திருக்காரு. அவரு பேர்லயே கடை இன்னும் ஹனோய்ல ஓடுது, குடும்பத்துல இருக்கறவங்கதான் நடத்தறாங்க. பால் இல்லன்னா டீத்தண்ணியக் குடிச்சுட்டு படுக்காம இப்படி ஒண்ணக் கண்டுபிடிச்ச ஊரப் பாக்கணும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தோணுச்சு. பிரேசிலுக்கு அடுத்து உலகத்துலயே காப்பி ஜாஸ்தி வெளயறது வியட்நாம்லதான்னு நானே அப்பறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன், டம்ளர் மேல குட்டி ஃபில்டர வச்சு, சொட்டு சொட்டா எறங்கற வரைக்கும் உக்காந்து, மில்க்மெய்டு ஊத்திக் குடிக்கறாங்க, அந்தப் பொறுமை இருக்கற ஜனங்கள எனக்குப் பிடிக்கும்.

அதுலருந்து பேக்கேஜ் பேப்பரத் தூக்கிப் போட்டுட்டு நானே சாப்பாட்ட வச்சு ரூட்டு போட ஆரம்பிச்சேன். எப்படின்னா, பாக்க வேண்டிய எடம் பத்துன்னு வர்ற எதையும் பாக்கறது இல்ல. ஒரு சாப்பாட்டுப் பேர எடுத்துக்கறது, அத அவங்க மொழில எப்படி எழுதறாங்களோ, கொக்கி புள்ளி எல்லாத்தோடயும், அப்படியே காப்பி பண்ணி மேப்ல போடறது. இங்கிலீஷ்ல தேடுனா வெள்ளக்காரங்க போற கடையா வந்து நிக்குது, அவங்க எழுத்துல தேடுனா சந்துக்குள்ள இருக்கற கடையெல்லாம் வருது. அப்பறம் கடை தொறக்கற நேரத்தப் பாப்பேன். காலைல ஆறு மணிக்குத் தொறந்து பத்து மணிக்கெல்லாம் மூடிட்டா அது அவங்க ஊர்க்காரங்க சாப்பிடற நாஷ்டா கடை, நம்பிப் போகலாம். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எல்லாம் கெடைக்கும்னு அம்பது ஐட்டம் போர்டு போட்டிருந்தா வேணாம். ஒரே ஒரு ஐட்டம் மட்டும் விக்கற கடை அங்க நெறய இருக்குடி, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

இப்படித் தேடுனதுல தெரிஞ்சது, அங்க ஊருக்கு ஊர் சாப்பாடு மாறுது, நேரத்துக்கு நேரமும் மாறுது. ஹனோய்ல காலைல ஃபோ, அரிசி நூடுல்ஸ் போட்ட தெளிவான சூப்பு, மாட்டுக்கறியும் உண்டு கோழியும் உண்டு, இவருக்குக் கோழி. மத்தியானம் புன் சா, கரி அடுப்புல சுட்ட பன்னிக்கறி. 2016ல ஒபாமா வந்து ஒரு சாதாரணக் கடைல குட்டி ஸ்டூல்ல உக்காந்து சாப்பிட்டாருல்ல, அதுதான், அந்த டேபிள அப்படியே கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்களாம். இவரு அத தொட மாட்டாரு, நான் ஒரு வாய் பாத்துருவேன், அவருகிட்ட இன்னும் சொல்லல. அவருக்கு சா கானு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், மஞ்சத்தூள் தடவுன மீன, டேபிள்லயே அடுப்ப வச்சு, சதகுப்பைக் கீரையும் வெங்காயத்தாளும் அள்ளிப் போட்டு வதக்கித் தர்றாங்க. அந்த மீனு பேர்லயே ஒரு தெரு இருக்கு. அந்தப் பழைய ஊர்ல தெருப்பேரெல்லாம் அப்படித்தான், வெள்ளி வித்த தெரு, சர்க்கர வித்த தெருன்னு, நம்ம வெங்கலக்கடைத் தெரு மாதிரி.

ஹனோய்லருந்து ஹுவே. 1802லருந்து 1945 வரைக்கும் ராஜாக்க இருந்த ஊரு. அரண்மனையப் பாக்கறேனோ இல்லயோ, குட்டிக் குட்டிக் கிண்ணத்துல அரிசி மாவ ஊத்தி ஆவில வேகவச்சு மேல காஞ்ச எறாப் பொடி தூவற பான் பெயோவ சாப்பிடாம வரமாட்டேன். அங்கருந்து டா நாங் வரைக்கும் ட்ரெயின், ஹய் வான் மலையச் சுத்தி ஒரு பக்கம் கடலோட போகுது, நூறு கிலோமீட்டரு, ஜன்னல் சீட்டுக்கு இப்பவே எங்களுக்குள்ள சண்ட.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இவரு சனிக்கிழம, அமாவாச, பௌர்ணமி எல்லாம் சைவம்னு உனக்குத் தெரியும். அங்க காய்கறிப் பொரியல்ல கூட மீன் சாஸ் ஊத்திருவாங்க, கேட்டாலும் சைவம்தான்னு சொல்லிருவாங்க, ஏன்னா அவங்களுக்கு அது நம்ம உப்பு. இவரு பட்டினி கெடப்பாரோன்னு கவலயாத்தான் இருந்துச்சு. அப்பத்தான் பாத்தா, அங்கயும் புத்தர் கோயிலுக்குப் போறவங்க மாசாமாசம் அமாவாசைய ஒட்டி வர்ற அவங்க மாசப் பிறப்பும் பௌர்ணமியும் சைவம்தான் சாப்பிடறாங்க! அதுக்குன்னே சாய்னு, அவங்க மொழில சைவம்னு, போர்டு போட்ட தனிக் கடைங்க இருக்கு, மீன் சாஸ் கெடயாது, சோயாவுல பண்ண சாஸ்தான். அந்த நாள்ல சாதாரணக் கடைல கூட சைவம் போடுவாங்களாம். ஹுவேல கோயிலுங்க ஜாஸ்தி, அதனால சைவக் கடையும் ஜாஸ்தி. இத படிச்சுட்டு எழுந்து போய் அவர எழுப்பினேன், ராத்திரி ஒரு மணிக்கு எதுக்குடி எழுப்புறன்னு கத்துனாரு, இருந்தாலும் சொன்னதும் சிரிச்சுட்டாரு.

அது மட்டும் இல்ல. ஹோய் ஆன்னு ஒரு பழைய துறைமுக ஊரு, 1999ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தாங்க, அங்க அவங்க கணக்குல ஒவ்வொரு மாசமும் பதினாலாம் நாள், அதாவது பௌர்ணமிக்கு முந்தின நாள், பழைய தெருவுல கரண்ட் லைட்ட அணைச்சுட்டு வெறும் காகித விளக்கு, துணி விளக்குதான். உடனே சமையலறைல தொங்கற தினசரி காலண்டர எடுத்துட்டு வந்து மாசி பௌர்ணமிக்கு அங்க இருக்கற மாதிரி தேதி போட்டுட்டேன். அவங்க புது வருஷம் டெட்டுக்குப் பிறகு வர்ற மொத பௌர்ணமி அது, கோயில்லயெல்லாம் கூட்டமா இருக்கும். டெட் சமயத்துல போனா பாதிக் கடை மூடியிருக்கும், ஐப்பசி கார்த்திகைல போனா அந்தப் பக்கம் நம்ம மாதிரியே அடமழ, ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள வந்துரும். அதனால மாசிதான் சரி.

ஹோய் ஆன்லருந்து கிட்டத்தட்ட நாப்பது கிலோமீட்டர்ல மீ சோன்னு சிவன் கோயிலுங்க இருக்கு, அந்தப் பக்கம் முன்னாடி ஆண்ட சாம் இனத்து ராஜாக்க செங்கல்ல கட்டுனது, நாலாம் நூத்தாண்டுல பத்ரவர்மன்னு ஒரு ராஜா ஆரம்பிச்சது. 1969ல அமெரிக்காக்காரன் குண்டு போட்டு பெரிய கோபுரமே போச்சு. நம்ம தொல்லியல் துறைக்காரங்க போய் சீர்படுத்துறப்ப 2020ல ஒரே கல்லுல செஞ்ச லிங்கம் ஒண்ணு மண்ணுக்கடில கெடச்சது, பேப்பர்ல கூட வந்துச்சே. கடைசில சைகோன்ல ப்ளைட் ஏறுறோம், அங்க நம்ம ஆளுங்க பிரெஞ்சுக்காரங்க காலத்துல கட்டுன மாரியம்மன் கோயில் இருக்கு, இப்ப அந்த ஊர்க்காரங்களே வந்து கும்புடறாங்க. ஹா லாங் கடல்ல போற போட் சவாரிய வெட்டிட்டேன், பையன் ஏம்மா அதுதான் ஃபேமஸ்னான், ஃபேமஸ் ஆனத நீ போறப்ப பாத்துக்கடான்னுட்டேன்.

விசா ஆன்லைன்லயே எடுக்கலாம், 25 டாலர்தான். காசுதான் குழப்பம், ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங், இருபதாயிரம் நோட்டும் அஞ்சு லட்சம் நோட்டும் ரெண்டும் நீலக் கலரு, அதனால பர்ஸ்ல ரெண்டையும் தனித்தனி அறைல வைக்கணும்னு இவரு இப்பவே ரூல் போட்டாச்சு. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் எடுத்துட்டு வருவேன்னும் அடம் பிடிக்கறாரு, சரி வரட்டும், பெட்டில எடம் இருக்கு.

எதுக்கு இவ்ளோ எழுதறேன்னா, நீங்க ரெண்டு பேரும் வாங்களேன்டி. நாங்க தனியாப் போறோம், பஸ் கெடயாது, அவசரம் கெடயாது, உன் முட்டிக்கு ஏத்த மாதிரி நடந்தாப் போதும், அங்க ஸ்டூல்தான் ரொம்பத் தாழ்வு, அதுக்கு மட்டும் பிசியோக்காரர்கிட்ட கேட்டுக்க. உன் பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு பாரு, நாம கிளம்பற தேதிலருந்து ஆறு மாசமாவது இருக்கணும். அண்ணன்கிட்ட பேசிட்டு இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு, திங்கக்கிழம டிக்கெட் போடறோம்.

உன்
சித்ரா