விசைப்பலகையை மாற்றும் முன் பார்க்க வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கணினிக் குறுக்குவிசைப் பட்டியலைக் கத்தரித்து, என் கடையில் வேலை பழகும் இரண்டு பெண்களின் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். பயனுள்ள பட்டியல்தான். எந்த விசைகளைச் சேர்த்து அழுத்தினால் என்ன நடக்கும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. அழுத்தியும் நடக்காவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் ஓரிடத்திலும் சொல்லவில்லை. காரைக்குடியில் 26 ஆண்டுகளாகக் கணினி அச்சுக்கோப்பு செய்து, கல்யாணப் பத்திரிகையும் கோயில் அழைப்பும் சாந்திக்கல்யாண (அறுபதாம் கல்யாண) மலருமாகப் பிழைத்து வருகிற எனக்கு, அந்த விடுபட்ட பகுதிதான் அதிகச் செலவையும் மன உளைச்சலையும் தந்திருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

போன வைகாசியில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். எங்கள் கடையில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற எப்10 விசையைப் பயன்படுத்துகிறோம். நாங்கள் வைத்திருக்கும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் அப்படி அமைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் அந்த விசை வேலை செய்யவில்லை. கானாடுகாத்தானிலிருந்து பேரன் கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்க்க வந்திருந்த ஆச்சி ஒருவர், பெயர்கள் எழுதிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். அழைப்பவர்கள் பட்டியலில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு மூன்று தலைமுறை விலாச எழுத்துகள், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். எப்10 ஐ அழுத்தி அழுத்திப் பார்த்தும் திரையில் ஆங்கில எழுத்துகளே வந்து விழுந்தன. "அவசரம் இல்லப்பா, பேரு விட்டுப்போகக் கூடாது, எனக்கு அதுதான்" என்று அவர் பொறுமையாகச் சொன்னது, அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

விசைப்பலகை பழுது என்று எண்ணி அன்று மாலையே புதியது வாங்கினேன். இரண்டு நாள் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் மீண்டும் அதே கதை. இன்னொரு விசைப்பலகை வாங்கினேன். அதற்கும் அசையவில்லை. பிறகு பழுதுபார்ப்பவரை அழைத்தேன். அவர் வைரஸ் என்று சொல்லிக் கணினி முழுவதையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார். எழுத்துருக்களைத் தேடிப் போட ஒரு நாள் போயிற்று; வேர்டில் நாங்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த சொந்தக் குறுக்குவிசைகள் மீளவே இல்லை. ஒரு வாரம் நன்றாக ஓடியது. அதன்பின் எப்10 சில நாள் காலையில் கேட்கும், சில நாள் கேட்காது.

காரணம் தெரிந்தது தற்செயலாகத்தான். வட்டில் இடம் குறைந்துவிட்டதே என்று வீடியோ கோப்புறையைத் திறந்தால், எங்கள் திரையையே படம் பிடித்த பதினான்கு காட்சிகள் அதற்குள் இருந்தன. ஒன்றை ஓட்டிப் பார்த்தேன்: பத்திரிகையின் நடுவில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக விழுவதும், நாங்கள் அவற்றை அழிப்பதும், மறுபடி விழுவதும் அப்படியே பதிவாகியிருந்தன. என் அக்காள் மகன் மாலை நேரங்களில் இணைய வகுப்புக்காக அந்தக் கணினியில் உட்காருவான். பாடத்தைப் பதிவுசெய்ய ஒரு திரைப்பதிவு மென்பொருளைப் போட்டிருக்கிறான். அதிலும் பதிவைத் தொடங்கும் விசை எப்10. கணினியை அழித்து ஏற்றிய பிறகு அவன் அதை மறுபடியும் போட்டதுதான் அந்த ஒரு வார நிம்மதி முடிந்ததற்குக் காரணம்.

சில நாள் கேட்டு, சில நாள் கேட்காமல் போனது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பின்னணியில் ஓடும் மென்பொருள், எந்த நேரத்திலும் தனக்கு வர வேண்டிய விசையை விண்டோஸிடம் தன் பெயருக்குப் பதிந்துகொள்ளும். முதலில் பதிந்துகொண்டதற்கே அந்த விசை சொந்தம். பின்னால் வந்து அதே விசையைக் கேட்கும் மென்பொருளுக்கு மறுப்புத்தான் கிடைக்கும். கணினியைத் திறக்கும்போது தமிழ் மென்பொருள் முந்திக்கொண்ட நாளில் தமிழ் வந்தது. திரைப்பதிவு முந்திக்கொண்ட நாளில் படம் ஓடியது. எந்த விசைப்பலகையை மாற்றினாலும் இது தீரப்போவதில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளை வைத்துச் சொன்னால், வேலை பழகுகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும். தபால்காரர் கொடுக்கும் கடிதத்தை முகப்பில் இருப்பவர் வாங்கி வைத்துக்கொண்டால், அது அடுப்படியில் இருப்பவர் பெயருக்கு வந்ததாகவே இருந்தாலும் அவருக்குத் தெரியாது. விசை அழுத்தமும் அப்படித்தான் உள்ளே போகிறது. சிலவற்றை விண்டோஸே முகப்பில் நின்று எடுத்துக்கொள்ளும். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றும் சேர்ந்ததையும், திரையைப் பூட்டும் விண்டோஸ் விசையும் எல் விசையும் சேர்ந்ததையும் நாம் வேறு வேலைக்கு மாற்றவே முடியாது. அடுத்த கட்டில் பின்னணி மென்பொருள்கள். அவையும் விட்டுக்கொடுத்த பிறகுதான் நம் கண்முன் திறந்திருக்கும் வேர்டோ, பக்கம் கட்டும் இன்டிசைனோ அந்த விசையைப் பார்க்கிறது. ஆகவே ஒரு குறுக்குவிசை வேலை செய்யாதபோது முதலில் கேட்க வேண்டியது, அதை வழியில் வாங்கி வைத்துக்கொண்டது யார் என்பதுதான்.

கண்டுபிடிப்பது கடினமும் இல்லை. விண்டோஸில் திரை விசைப்பலகை என்று ஒன்று உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு நம் விசைப்பலகையில் தட்டினால், தட்டிய விசை திரையில் ஒளிரும். ஒளிர்ந்தால் விசை நன்றாக இருக்கிறது, பணத்தைச் செலவழிக்க வேண்டாம். பிறகு திரையின் கீழ் மூலையில், கடிகாரத்தின் அருகே சிறு படங்களாக நிற்கும் மென்பொருள்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, ஒவ்வொரு முறையும் விசையை அழுத்திப் பார்க்க வேண்டும். எதை மூடியதும் விசை உயிர் பெறுகிறதோ அதுதான் காரணம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜரில், கணினியோடு தானாகத் தொடங்குபவற்றின் பட்டியல் இருக்கிறது. தேவையற்றதை அங்கேயே நிறுத்தலாம். நான் திரைப்பதிவு மென்பொருளை நீக்கவில்லை. பையனின் படிப்புக்கு அது தேவை. அதன் அமைப்புக்குள் போய் விசையை மட்டும் மாற்றினேன். இரண்டு நிமிட வேலை.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கென்றே உள்ள ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். 1999 இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில், ஆங்கிலத்தின் கடைசி வரிசையிலுள்ள இசட், எக்ஸ், சி, வி ஆகிய விசைகளில் முறையே ஔ, ஓ, ஒ, வ ஆகிய எழுத்துகள் அமைந்திருக்கின்றன. செய்ததை மீட்க, வெட்ட, நகலெடுக்க, ஒட்ட என்று உலகமெங்கும் கண்ட்ரோலுடன் சேர்த்து அழுத்தப்படும் விசைகளும் இவையே. பெரும்பாலான மென்பொருள்கள் விசையின் இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கின்றன; சில மட்டும் அந்த விசை தரும் எழுத்தைப் பார்த்துத் தடுமாறுகின்றன. ஒட்டுவதற்காக அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அல்லது கடைசியில் ஒரு "வ" வந்து நிற்கும். இதற்கு நான் கையாளும் வழி பழையது: நகலெடுக்கக் கண்ட்ரோலும் இன்சர்ட்டும், ஒட்ட ஷிப்ட்டும் இன்சர்ட்டும், வெட்ட ஷிப்ட்டும் டெலீட்டும். இவற்றில் எழுத்து விசையே இல்லாததால் எந்த மொழியில் இருந்தாலும் இவை மாறுவதில்லை. இன்றைய விண்டோஸிலும் இவை இருக்கின்றன என்பது, கணினிப் பயிற்சி முடித்து என்னிடம் வருகிற பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை.

இனி, சொந்தமாகக் குறுக்குவிசை அமைத்துக்கொள்வது. பத்திரிகை வேலையில் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றுக்கான பழைய குறிகளான ௵, ௴, ௳ மூன்றும் ஒவ்வொரு நாளும் தேவைப்படும். பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இன்றும் கேட்டு வாங்கிப் போடச் சொல்கிறார்கள். வருஷம் என்று எழுத்தில் போட்டால் மெய்ப்பில் அடித்துத் திருத்திவிடுவார்கள். இவற்றை ஒவ்வொரு முறையும் குறியீட்டுப் பட்டியலைத் திறந்து தேடினால் நேரம் போய்விடும். வேர்டில் குறியீட்டைச் செருகும் சாளரத்திலேயே அதற்குக் குறுக்குவிசை கொடுக்கும் பொத்தான் இருக்கிறது. வருஷத்துக்கு நினைவில் நிற்கட்டும் என்று கண்ட்ரோல், ஆல்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். அந்த விசைச் சேர்க்கை ஏற்கெனவே ஒட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கும் கட்டளைக்குத் தரப்பட்டிருக்கிறது என்று உடனே அதே சாளரத்தில் ஒரு வரி தோன்றியது. அதை விட்டுவிட்டு, காலியாக இருந்த வேறொரு சேர்க்கையைத் தேர்ந்தேன். அந்த ஒரு வரியை நான் மிகவும் மதிக்கிறேன். இது முன்பே இன்னாருடையது என்று கேட்காமலே சொல்லிவிடும் மென்பொருள், பயன்படுத்துபவரின் நேரத்துக்கு மதிப்புக் கொடுக்கிறது.

இப்படி வேர்டில் அமைப்பவை வழக்கமாக நார்மல் என்னும் வார்ப்புருக் கோப்பில் சேமிக்கப்படுகின்றன. கணினியை அழிக்கும் முன் அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் நகலெடுத்திருந்தால் எங்கள் உழைப்பு தப்பியிருக்கும். இன்டிசைனில் குறுக்குவிசைத் தொகுப்புக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமிக்கலாம். லிப்ரே ஆபீஸிலும் தனிக் கோப்பாகச் சேமித்து வேறொரு கணினியில் ஏற்றலாம். அந்தந்த மென்பொருளின் அமைப்பை நம்பாமல் விசைகளையே மாற்ற விரும்புவோருக்கு மைக்ரோசாப்டின் பவர்டாய்ஸ் என்னும் துணைக்கருவி இலவசமாகக் கிடைக்கிறது.

மடிக்கணினியில் எப் வரிசை முழுவதும் ஒலியையும் ஒளியையும் மாற்றிக்கொண்டிருந்தால், அந்த வரிசையின் வேலையை மாற்றித் தரும் எப்என் விசையைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் வேறு பழுது இருக்காது.

ஷிப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் எழும் ஸ்டிக்கி கீஸ் வசதியைப் பற்றி ஒரு சொல். தொல்லை என்று சொல்லி, பழுதுபார்ப்பவர்கள் முதலில் அணைத்து வைப்பது இதைத்தான். என்னோடு பன்னிரண்டு ஆண்டு வேலை செய்த அண்ணன் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை வராமல் போயிற்று. கண்ட்ரோலை அழுத்திவிட்டு, கையை எடுத்து, பிறகு அடுத்த விசையைத் தட்டினாலும் இரண்டும் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும் இந்த வசதியால்தான், அவர் இன்றும் ஒரு கையால் பக்கம் கட்டுகிறார். ஒரு முறை யாரோ அதை அணைத்துவிட்டுப் போக, அரை நாள் அவர் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அடுத்தவர் கணினியில் கை வைக்கும் முன், அதில் உட்காருபவர் யார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தங்கள் வாயிலாக நான் கேட்பவை சில. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் செய்பவர்கள், மொழி மாற்றும் விசையைப் பயன்படுத்துபவர் விருப்பப்படி மாற்ற இடம் தர வேண்டும். நாங்கள் வைத்திருப்பதில் அது உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. அதைவிட முக்கியமாக, அந்த விசையை வேறொன்று எடுத்துக்கொண்டிருந்தால் அதைத் தமிழில் ஒரு வரியாகத் திரையில் காட்ட வேண்டும். எப்10 கேட்காத ஒவ்வொரு காலையும் எங்கள் மென்பொருளுக்கு மறுப்புக் கிடைத்திருக்கிறது. அது எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு விசைப்பலகையும், ஒரு முழுக் கணினியின் உழைப்பும் மிஞ்சியிருக்கும்.

தட்டச்சு, கணினிப் பயிற்சி நிலையங்களை நடத்துவோர், குறுக்குவிசைகளை மனப்பாடப் பட்டியலாகச் சொல்லித் தருவதோடு, ஒன்றை மாற்றுவதும் மாற்றியதை மீட்பதும் எப்படி என்று ஒரே ஒரு வகுப்பாவது எடுக்க வேண்டும். தட்டச்சுப் பொறியில் யளனகபக என்று விரல் பழகிய எங்களுக்கு, விசை என்றால் ஒரே எழுத்து, ஒரே அச்சு. அது அசையாவிட்டால் எண்ணெய் விட்டால் போதும். இன்றைய பிள்ளைகள் தட்டும் விசைக்கு ஒரே நேரத்தில் நான்கு பேர் கை நீட்டுகிறார்கள்.

தாங்கள் அடுத்த பட்டியலை வெளியிடும்போது, அதன் அடியில் அரைப் பத்தி இடம் ஒதுக்கி, திரை விசைப்பலகையில் விசையைச் சோதிப்பதையும் பின்னணி மென்பொருள்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பதையும் சேர்த்து அச்சிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அதையும் கத்தரித்து, முன்னதன் கீழே ஒட்டுவதற்குச் சுவரில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கணினி அச்சுக்கோப்பாளர் ஒருவர்,
காரைக்குடி.